கேள்வி கேட்பதை எப்போது நிறுத்துகிறார்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள். இந்த ரிப்போர்ட் யாருக்குப் போகிறது? அந்த வாடிக்கையாளர் ஒரே தகவலை எதற்கு இரண்டு தடவை வாங்குகிறார்? கையால் செய்கிற இந்த வேலைக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் என்ன? ஆறேழு மாதம் போகட்டும். அதே பிள்ளைகள் காலையில் வந்து உட்கார்ந்து, கொடுத்ததை முடித்து, கம்பெனி பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். நாம் கேட்டால் பதில் சொல்வார்கள். அவர்களாக ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில், கல்லூரி முடித்து நேராக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ப்ராஜெக்ட்டுகளுக்கு அனுப்பும் வேலை என்னுடையது. அனுப்பிய பிறகும் தொடர்பு விட்டுப்போகாது. கேன்டீனில் பார்ப்பேன், வாட்ஸப்பில் பேசுவார்கள், சிலர் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுப்பார்கள். அதனால் இந்த மௌனம் எப்படி வந்து சேருகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலாளர்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: "இப்ப வர்ற பசங்களுக்கு இன்ட்ரஸ்ட்டே இல்லீங்க. சம்பளம் வந்துச்சா, போனை எடுத்தாச்சா, அவ்வளவுதான்." இந்த விளக்கம் தவறு. அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயமும்கூட. ஆர்வம் இல்லாமல் யாரும் வந்து சேரவில்லை. கொண்டுவந்த ஆர்வத்துக்கு வேலையில் ஒரு சின்ன இடம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதுதான் நான் கண்டது.

இதைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் ஒரு சோதனையைச் சொல்வேன். 1969ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டெசி என்ற ஆராய்ச்சி மாணவர் நடத்தியது. சோமா என்றொரு புதிர் அப்போது அங்கே பிரபலம். வெவ்வேறு வடிவத்தில் 7 துண்டுகள். சரியாகச் சேர்த்தால் ஒரு கனசதுரம் வரும், வேறு எத்தனையோ உருவங்களும் வரும். கையில் எடுத்தவர்களுக்குக் கீழே வைக்க மனம் வராது. டெசி 24 மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒவ்வொருவருக்கும் மூன்று அமர்வு. தாளில் வரைந்திருக்கும் உருவத்தைத் துண்டுகளால் அமைக்க வேண்டும். முதல் அமர்வில் யாருக்கும் காசு இல்லை. இரண்டாவதில் ஒரு குழுவுக்கு மட்டும், சரியாக முடித்த ஒவ்வொரு உருவத்துக்கும் 1 டாலர். மூன்றாவதில் மறுபடி யாருக்கும் கிடையாது.

சோதனையின் உயிர் இடைவேளையில் இருந்தது. ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் டெசி ஏதோ காரணம் சொல்லி 8 நிமிடம் அறையை விட்டுப் போய்விடுவார். அதுவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மேசையில் பத்திரிகைகள் கிடக்கும். யாரும் கேட்காத, யாரும் கூலி கொடுக்காத அந்த 8 நிமிடத்தில் மாணவர் எவ்வளவு நேரம் புதிரைத் தொடுகிறார் என்பதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கணக்கெடுத்தார்கள். காசு வாங்கிய குழு, காசு நின்றதும், முதலில் தொட்டதைவிடக் குறைந்த நேரமே புதிரைத் தொட்டது. காசே பார்க்காத குழுவில் அந்த இறக்கம் இல்லை. 1971ல் இது வெளியாகிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பிறகு 1999ல் டெசியும் அவர் கூட்டாளிகளும் அதுவரை நடந்த 128 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். 'இதைச் செய்தால் இதைத் தருவேன்' என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பரிசு, ஏற்கனவே ஆர்வமாகச் செய்கிற காரியத்தின் மேல் இருக்கும் ஆர்வத்தைக் குறைக்கிறது என்பது அப்போதும் நின்றது. மனமாரச் சொல்லும் பாராட்டு அதற்கு நேர்மாறாக ஆர்வத்தைக் கூட்டியது.

என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த 8 நிமிடம். அலுவலகத்தில் டைம்ஷீட் உண்டு, அதில் எட்டு மணி நேரம் நிரப்பப்படும், நிரம்பியதா என்று பார்க்க ஆள் உண்டு. ஒரு பிள்ளை தனக்குச் சொல்லப்படாத ஒன்றைத் தானாக எடுத்துப் பார்த்த நேரத்துக்கு அதில் கட்டம் கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, பக்கத்து அணிக்காரரிடம் "அண்ணா, இந்த டேட்டாபேஸ் எப்படி வேலை செய்யுது, காட்டுங்களேன்" என்று கேட்கும் பையனை நான் பார்த்திருக்கிறேன். நான் ஒருவரை எடைபோடுவது அந்த நேரத்தை வைத்துத்தான். அந்த நேரம் காணாமல் போவதைத்தான் 'கேள்வி நின்றுபோகிறது' என்று சொல்கிறேன்.

1977ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டெசியோடு ரிச்சர்ட் ரயன் என்ற உளவியல்காரர் சேர்ந்தார். இருவரும் வளர்த்தெடுத்ததைச் சுயநிர்ணயக் கோட்பாடு என்கிறார்கள். மனிதனுக்கு மூன்று தேவைகள் என்பது அதன் அடித்தளம். தான் செய்வதில் தன் முடிவும் இருக்க வேண்டும். செய்வது தன் கைக்கு வருகிறது என்று தெரிய வேண்டும். தன்னை ஒரு ஆளாக நினைப்பவர்கள் கூட இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் ஆள் வாடுவார். வேலைக்கு வரும் இளையவர்களின் முதல் வருடத்தில் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் குறைகின்றன. என்ன வேலை என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். படித்தது ஒன்று, செய்வது ஒன்று என்பதால் கையில் திறமை இல்லாத உணர்வு. ஊரையும் கல்லூரித் தோழர்களையும் விட்டுவந்து, பெருங்குடியிலோ மேடவாக்கத்திலோ நான்கு பேர் படுக்கும் அறையில் புது முகங்கள்.

ஆனால் நம் ஊரில் இந்தக் கோட்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாலே ஒரு குழப்பம் வரும். "அப்போ பிள்ளை தனக்குப் பிடிச்சதைத்தான் செய்யணும், வீட்டுப் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?" கல்லூரி விழாக்களில் மைக் பிடிக்கிறவர்கள் பலரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: உன் கனவைத் துரத்து, ஊர் பேச்சைத் தள்ளு. கைதட்டல் விழும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்ணுக்கு மட்டும், தனக்கு அப்படியொரு கனவே இல்லையே, தன்னிடம் ஏதோ குறை போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் உறுத்தும்.

பயிற்சியின் முதல் வாரத்தில் நான் ஒரு கேள்வி கேட்பேன்: இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்? பெயர் எழுத வேண்டாம், தாளில் பதில் மட்டும். வருடா வருடம் பதில்கள் நான்கு வகையாகத்தான் வருகின்றன. "பிளேஸ்மெண்ட்ல செலக்ட் ஆயிட்டேன், அப்பா போகச் சொன்னார்." இது ஒன்று. "வேலை இல்லாம வீட்ல இருந்தா சொந்தக்காரங்க கேக்குற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது." இது இரண்டு. "தம்பி படிப்புச் செலவை நான் ஏத்துக்கிட்டேன்." மூன்று. "கோடிங் பிடிக்கும்." நான்கு.

டெசியும் ரயனும் வரைந்த படிக்கட்டு கிட்டத்தட்ட இதுவேதான். வெளியிலிருந்து வரும் கட்டாயம். பிறர் பார்வைக்கு அஞ்சி உள்ளே எழும் கூச்சமும் குற்ற உணர்வும். இது எனக்கு முக்கியம் என்று மனதார ஏற்றுக்கொண்ட காரணம். செய்வதிலேயே கிடைக்கும் இன்பம். மூன்றாவதும் நான்காவதும் தன் விருப்பத்தின் பக்கம் சேருகின்றன என்கிறார்கள் அவர்கள். தம்பி படிப்புக்காக வேலைக்கு வந்தவள் யாருடைய அடிமையும் இல்லை. அந்தக் காரணம் அவளுடையது. முதல் இரண்டு வகையில் இருப்பவர்கள்தான் தாங்கள் நிற்கும் இடத்தில் தாங்களே இல்லாதவர்கள்.

குடும்பம் என்றாலே தடை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோவில் 7 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தி 1999ல் வெளியிட்டார்கள். எழுத்தை மாற்றிப் போட்டுச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு. சில குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்குச் சோதனையாளர் தேர்ந்தெடுத்தார். சிலரிடம் உங்கள் அம்மா தேர்ந்தெடுத்தது என்று சொல்லப்பட்டது. வெள்ளைக்காரக் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்ததில் சிறப்பாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிக் குழந்தைகள் அம்மா தேர்ந்தெடுத்தது என்று கேட்டபோது சிறப்பாகச் செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது இரண்டு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. 2003ல் வெளியான ஓர் ஆய்வில் தென்கொரியா, ரஷ்யா, துருக்கி, அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு மாணவர்களிடம் ரயனும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். ஒரு பழக்கம் தனிமனிதம் சார்ந்ததா கூட்டுவாழ்வு சார்ந்ததா என்பது அவ்வளவு முக்கியமாக இல்லை. அதை மனதார ஏற்றுச் செய்கிறார்களா என்பதே அவர்களுடைய நலத்தோடு தொடர்புடையதாக இருந்தது.

அம்மாவின் தேர்வைத் தன் தேர்வாக எடுத்துக்கொள்வதற்கு அம்மா மேல் நம்பிக்கை வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கட்-ஆஃப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பையன் என்ன எடுத்தான் என்று விசாரித்து, கவுன்சலிங்கில் கல்லூரி வரிசையைப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிரப்புகிற வீடுகளும் உண்டு. "உனக்கு என்ன தெரியும்" என்ற ஒரு வாக்கியம் அங்கே போதும், பிள்ளை முதல் வகைக்குப் போய்விடும். அதே குரூப்பை, அதே கல்லூரியை, "நம்ம நிலைமை இது, இதனால இதை யோசிக்கிறோம், நீ என்ன நினைக்கிற?" என்று உட்கார்ந்து பேசிய வீட்டிலிருந்து வரும் பிள்ளை மூன்றாம் வகையில் நிற்கும். என் பயிற்சி அறையில் இந்த இரண்டு பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். மார்க் ஒன்றுதான், ஊர்கூட ஒன்றுதான். கண்ணில் தெரியும் வித்தியாசம்.

செங்கம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை. எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு எங்களிடம், மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் பிரிவில் போடப்பட்டாள். முதல் வாரமே என்னிடம் சொன்னாள்: "மேம், எனக்கு கோடிங் மேல ஆசைன்னு எல்லாம் சொல்லத் தெரியாது. வீட்டுக்குத் தளம் போடணும். தங்கச்சியை நர்சிங் சேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். ஆனா வந்த வேலையை அரைகுறையா செய்ய மாட்டேன்." இப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஊக்கப் பேச்சு எதுவும் தேவையில்லை. வேலை ஒழுங்காக அறிமுகமானால் போதும்.

அறிமுகமாகவில்லை. அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளில், ஏற்கனவே யாரோ எழுதி வைத்த டெஸ்ட் கேஸ்களை, அதாவது சோதிக்க வேண்டியவற்றின் லிஸ்டை, ஒவ்வொன்றாக ஓட்டி, சரி அல்லது தவறு என்று குறிக்க வேண்டும். அதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்டது. நாளெல்லாம் அதே. கிளெய்ம் என்றால் காப்பீட்டுப் பணம் கேட்டு வரும் விண்ணப்பம் என்றுகூட யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. திரையில் பெட்டி பெட்டியாக வரும், நிரப்புவாள், பச்சை வந்தால் அடுத்தது.

இப்படிப்பட்ட சலிப்பான வேலையைப் பற்றியே டெசி செய்த ஒரு சோதனை 1994ல் வெளியானது. கணினித் திரையில் ஒரு ஒளிப்புள்ளி தோன்றும்; தோன்றியதும் ஸ்பேஸ்பாரை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. யாருக்கும் இதில் இன்பம் இருக்க முடியாது. அவர் பார்த்தது மூன்று விஷயங்களை. இதை ஏன் செய்கிறோம் என்று அர்த்தமுள்ள காரணம் சொல்வது. இது உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம், அது எங்களுக்குத் தெரிகிறது என்று ஒப்புக்கொள்வது. செய்தே தீர வேண்டும் என்ற தொனியை விட்டு, தேர்வு உங்களிடம் இருக்கிறது என்ற தொனியில் பேசுவது. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கிடைத்தவர்கள், யாரும் கேட்காத நேரத்திலும் கூடுதலாக அந்த வேலையைத் தொட்டார்கள். தொட்டதை மதித்தும் செய்தார்கள். ஒன்றோ அதுவும் இல்லாமலோ இருந்தவர்களில் சிலரும் செய்தார்கள்தான். ஆனால் அவர்கள் எவ்வளவு நேரம் செய்தார்களோ அவ்வளவுக்கு அதில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. பயத்தில் செய்கிற வேலைக்கு இதைவிடத் துல்லியமான படம் நான் பார்த்ததில்லை. எங்கள் தளத்தில் இரவு பத்து மணிக்கும் சீட்டை விட்டு எழாத பிள்ளைகளைக் காட்டி "என்ன டெடிகேஷன் பாருங்க" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும்.

செங்கத்துப் பெண்ணின் அணிக்குப் புதிதாக ஒரு டீம் லீட் வந்தார். மதுரைக்காரர், சத்தமாகப் பேசுவார். வந்த மூன்றாம் நாள் புதியவர்களை வெள்ளைப்பலகை முன் உட்காரவைத்து, ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்குள் நுழைவதிலிருந்து பில் கட்டுவது வரை படம் போட்டுக் காட்டினார். "நீ பார்க்கிற இந்தப் பெட்டி தப்பா போச்சுன்னா, அங்க ஒருத்தனுக்கு ஆபரேஷன் பணம் நிக்கும்" என்றார். அவள் கையைத் தூக்கினாள். "அண்ணா, எங்க பாட்டிக்கு கண்ணு ஆபரேஷன் பண்ணப்ப முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டுல பேர் தப்பா இருந்துச்சுன்னு ரெண்டு நாள் உக்கார வச்சாங்க. அந்த மாதிரியா?" அந்த மாதிரிதான் என்றார் அவர். "தினமும் இதையே ஓட்டுறது போர் அடிக்கும், எனக்கும் அடிச்சிருக்கு. காலையில எந்த மாட்யூல்ல ஆரம்பிக்கிறதுன்னு இனிமே நீங்களே பிரிச்சுக்குங்க. லிஸ்ட்ல இல்லாத எதையாவது சோதிக்கணும்னு தோணுச்சுன்னா வெள்ளிக்கிழமை மதியம் சோதிச்சுப் பாருங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

அந்த டீம் லீட் எந்த உளவியலும் படித்தவர் இல்லை. காரணம் சொன்னார், சலிப்பை ஒப்புக்கொண்டார், தேர்வைக் கையில் கொடுத்தார். சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவள் லிஸ்டில் இல்லாத ஒன்றைச் சோதித்தாள். பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் குழந்தை. பிறந்த தேதியும் சேர்க்கை தேதியும் ஒன்றாக இருந்தால் படிவம் ஏற்காமல் நின்றது. பழைய டெஸ்ட் கேஸ்கள் எதிலும் அது இல்லை. "தங்கச்சி பிறந்தப்ப இன்குபேட்டர்ல வச்சாங்க மேம், அதான் போட்டுப் பார்த்தேன்" என்றாள். தளம் போடுவதற்காக வேலைக்கு வந்தவள்தான் அவள். அன்றைக்கு அந்த வேலையும் அவளுடையதாகிவிட்டது.

ஒரு நல்ல டீம் லீடை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 1989ல் டெசி, கானல், ரயன் மூவரும் வெளியிட்ட ஆய்வில் 23 மேலாளர்களையும் அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களையும் 18 மாத காலத்தில் மூன்று முறை அளந்தார்கள். நடுவே மேலாளர்களுக்குப் பயிற்சி. கீழே இருப்பவர்களுக்கு முடிவெடுக்க இடம் கொடுப்பது எப்படி என்பதுதான் பாடம். மேலாளர்கள் தெளிவாக மாறினார்கள். அந்த மாற்றம் கீழே வரை இறங்கியதற்கான சான்று அவ்வளவு தெளிவாக இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சம்பளமும் விதிகளும் அவர் கையில் இல்லாதபோது அவர் நல்லெண்ணம் பாதி தூரம்தான் போகும்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காசு ஆர்வத்தைக் குறைக்கும் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு, புதியவர்களுக்குச் சம்பளம் குறைவாக இருந்தால் பரவாயில்லை, ஊக்கம்தான் முக்கியம் என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். டெசியின் சோதனை அதைச் சொல்லவில்லை. பரிசைக் கயிறாகக் கட்டி ஆட்டிவைப்பதைப் பற்றியது அது. வாழ்வதற்கு வேண்டிய நியாயமான கூலி வேறு விஷயம். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல், 4 லட்சத்துக்குள் என்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரிதாக நகராமல் இருக்கிறது. அதே காலத்தில் சென்னையில் அறை வாடகையும் மெஸ் சாப்பாடும் எங்கே போயிருக்கின்றன என்பது இங்கே பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும். கல்விக்கடன் தவணை போக, வீட்டுக்கு அனுப்பியது போக, மாதக் கடைசியில் தேநீருக்கு யோசிக்கும் பிள்ளையிடம் ஈடுபாட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

அதற்கு மேல் பாண்டு. சேரும்போதே, இத்தனை வருடத்துக்குள் போனால் இவ்வளவு கட்டு என்று கையெழுத்து. ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் ஏற்பது ஒரு விஷயம். ஆள் எடுத்த செலவு வீணாகக் கூடாது என்ற நிறுவனத்தின் பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் போக முடியாததால் இருப்பவர், இருக்க விரும்பி இருப்பவரைப் போல ஒருநாளும் வேலை செய்யமாட்டார். சிறு நிறுவனங்கள் சில அசல் சான்றிதழ்களையே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளை ஓடி ஓடிச் சேர்த்த காகிதங்கள் அவை. அவற்றை யாருடைய பீரோவிலும் வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

வேலையை விட்டுவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போகிறவர்களையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வு அறிவிக்கப்பட்டபோது பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கைக் காட்டி இளைஞர்களுக்குச் சோம்பல், சுகமான வேலை தேடுகிறார்கள் என்பது எளிது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து படிப்பவர்களைப் பார்த்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். என்னிடம் பயிற்சி பெற்று, பிறகு விட்டுப்போன பையன் ஒருவனை அங்கே பார்த்தேன். காலையில் டெலிவரி ஆப்பில் வண்டி ஓட்டுகிறான், மதியத்துக்கு மேல் படிக்கிறான். "அங்க ஒரு நாள்கூட எனக்குன்னு ஒண்ணும் இல்லக்கா. இங்க இன்னைக்கு என்ன படிக்கணும்னு நான் முடிவு பண்றேன்" என்றான். அலுவலகத்தில் மேம் என்று கூப்பிட்டவன், இங்கே அக்கா என்றான். தேர்வில் வெல்வானா என்பது வேறு. 20 லட்சத்தில் பெரும்பாலோர் வெல்ல முடியாது, அந்த ஆண்டுகள் கரைவது எனக்கு வேதனை. ஆனால் அவன் தேடிப்போனது எதுவோ, அதை மாதச் சம்பளம் கொடுத்த இடத்தில் நாங்கள் கொடுத்திருக்கலாம்.

அலுவலகத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தால் இந்த விஷயம் இன்னும் துலக்கமாகத் தெரியும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பெரும்பாலோர் இருபதைத் தொட்ட, இன்னும் தொடாத பெண்கள். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபின், சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடியது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் சில தரத்துக்குக் கீழே இருந்தன என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவர்களை ரோட்டில் உட்கார வைத்தது, தூங்கும் இடமும் தட்டில் விழும் சோறும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். கட்டடத்துக்குள் என்ன விதி என்பதையும் அங்கே தங்கும் பெண்களிடமே கேட்டு வைக்க வேண்டும். என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் அந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் இருக்கிறாள். "லைன்ல எட்டு மணி நேரம் நிக்கிறதுகூடப் பழகிடுச்சு சித்தி. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போக லெட்டர் எழுதிக் கொடுக்கணும், யாரோட போறேன்னு சொல்லணும், அதுதான் முடியல" என்றாள். சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும் பெண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படிக் குழந்தையாகிவிடுகிறாள்?

வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு அறிவுரை கேட்டுச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, ஏனென்றால் மாற வேண்டியது பெரும்பாலும் மேசையின் மறுபக்கம். ஒன்று மட்டும் சொல்வேன்: நீ வந்த காரணம் பெரிதாக இல்லை என்று யாராவது உன்னைக் கூச வைத்தால் அதை ஏற்காதே. வீட்டுத் தளம் நல்ல காரணம். தங்கை படிப்பு மிக நல்ல காரணம். செய்யும் வேலை எங்கே போய்ச் சேருகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இரு, முதல் தடவை பதில் வராவிட்டாலும்.

ஜூலையில் புதியவர்களின் அடுத்த தொகுதி பயிற்சிக்கு வருகிறது. அதற்காக நிர்வாகத்திடம் மூன்று விஷயம் எழுதிக் கேட்டேன். ப்ராஜெக்ட்டில் போட்ட முதல் மாதத்திலேயே புதியவர்கள் வாடிக்கையாளரோடு நடக்கும் ஒரு அழைப்பிலாவது உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்குள், எப்படிச் செய்வது என்பதை அவர்களே முடிவு செய்யும் ஒரு சிறு வேலை அவர்கள் பெயரில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் டைம்ஷீட்டில் கணக்குக் கேட்கக் கூடாது. முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதில் நின்றார்கள். "பில் பண்ண முடியாத இரண்டு மணி நேரம்" என்றார் டெலிவரி பிரிவில் ஒருவர்; வாடிக்கையாளரிடம் காசு கேட்க முடியாத நேரம் என்று அர்த்தம். ஆமாம், பில் பண்ண முடியாததுதான் என்றேன், குழந்தை பிறந்த தேதிப் பிழை பிடிபட்டதும் அந்த நேரத்தில்தான் என்றேன். கடைசியில் இரண்டு அணிகளுக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு அனுமதி வந்திருக்கிறது. ஒன்று மதுரைக்காரருடையது. இன்னொரு அணியின் டீம் லீடுக்கு இதில் நம்பிக்கை இல்லை, "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவரிடம்தான் இந்தத் தடவை அதிகம் கேள்வி கேட்கிற பிள்ளைகளை அனுப்பப் போகிறேன்.